எவர்சில்வர் ஃபில்டருக்கு ஒரு சர்வர்

ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா என்று மாடி அறையில் இருந்தபடியே போனில் பார்க்க வேண்டும். வேலை இவ்வளவுதான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இந்தத் தேவைக்கு இணைய உலகில் நல்ல பரம்பரையே உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையில் கோக் இயந்திரத்தைக் கணினியோடு இணைத்து வைத்திருந்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, உள்ளே போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, குளிர்ந்திருக்குமா என்பதையெல்லாம் இருந்த இடத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இறங்கி நடந்து போய் வெதுவெதுப்பான கோக்கோடு திரும்பி வரும் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள்.

அதைவிடப் பிரபலமானது கேம்பிரிட்ஜ் காபி. 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகத்தில், டிரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் படியேறி வந்து பார்த்தால் ஜாடி காலியாக இருக்கும். குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் ஒரு கேமராவை ஜாடிக்கு நேரே நிறுத்தி, அதன் படத்தை ஆய்வகத்தின் உள்வலையில் விட்டார்கள். 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். 1993-இல் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் இருவரும் அதை வெப்புக்குக் கொண்டுவந்த பிறகு, காபி குடிக்க வாய்ப்பே இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகின் முதல் வெப்கேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று அதை நிறுத்தினார்கள். பழுதாகிப்போன அந்த ஜாடியை ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

நானும் முதலில் கேமராவைத்தான் நினைத்தேன். இஎஸ்பி32 கேம் என்று ஒரு சின்னப் பலகை கிடைக்கிறது. வைஃபையும் கேமராவும் அதிலேயே உண்டு. எங்கள் வீட்டில் அது செல்லாது. கேம்பிரிட்ஜில் இருந்தது கண்ணாடி ஜாடி, எங்களுடையது எவர்சில்வர் ஃபில்டர். வெளியிலிருந்து எவ்வளவு நல்ல கேமராவை வைத்தாலும் தெரியப்போவது கேமராவின் முகம்தான். மேல் மூடியைத் திறந்து வைத்து உள்ளே நோக்கலாம் என்றால், வென்னீர் ஊற்றியதும் லென்ஸ் முழுக்க ஆவி. தவிர, மூடியைத் திறந்து போட்டு டிகாக்‌ஷன் இறக்குவதற்கு அம்மா அனுமதி தருவார் என்று நினைப்பதே வீண்.

சரி, எடை. மளிகைக்கடைத் தராசுக்குள் இருக்கிற அதே சமாச்சாரம், லோட்செல் என்கிற அலுமினியக் கட்டை, ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. ஃபில்டரைத் தூக்கி அதன் மேல் வைத்தால் எடை தெரியும். ஆனால் தெரிந்து என்ன பயன்? மேல் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் கீழ்ப் பாத்திரத்துக்கு இறங்குகிறதே தவிர ஃபில்டரை விட்டு வெளியே போகவில்லை. இறங்கத் தொடங்கும்போது என்ன எடையோ, முழுக்க இறங்கிய பிறகும் அதேதான். யாராவது டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டு போன பிறகுதான் எண் மாறும். அந்தச் செய்தி எனக்குத் தேவையில்லை, காலி டம்ளரைப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஆக, மேல் பாத்திரத்தின் பாரம் தராசில் விழாமல், கீழ்ப் பாத்திரம் மட்டும் தராசில் உட்கார வேண்டும். இந்தத் திட்டத்தில் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் இதுதான். மென்பொருள் எல்லாம் பிறகு வந்த விளையாட்டு.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், மேல் பாத்திரத்தின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஒரு மேடு இருக்கும். அந்த மேடுதான் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் உட்காருகிறது. அதற்குக் கீழே துளை போட்ட அடிப்பகுதி உள்ளே தொங்குகிறது. மேட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கம்பி வளையம் நுழைந்து, மேட்டைத் தாங்கிக்கொண்டால் போதும். தெருமுனை கிரில் பட்டறையில் 6 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, மூன்று கால் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பட்டறைக்காரருக்கு ஃபில்டரையே கையில் கொடுத்துவிட்டேன், அளவு சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம். “பூந்தொட்டிக்கா தம்பி?” என்று கேட்டார். காபிக்கு என்றதும் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலின் நுனிகளை வளைத்து ரப்பர் புஷ் மாட்டும்படி செய்துகொடுத்தார். நான் கேட்காதது, ஆனால் அது இல்லாவிட்டால் சமையல் மேடைக் கிரானைட்டில் ஸ்டாண்ட் வழுக்கியிருக்கும்.

இப்போது மேல் பாத்திரம் வளையத்தில் நிற்கிறது. கீழ்ப் பாத்திரம் லோட்செல் மீது நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கம்பியின் தடிமன் அளவுக்கு இடைவெளி, அவ்வளவுதான். துளை போட்ட அடி இன்னும் கீழ்ப் பாத்திரத்தின் வாய்க்குள்ளேயே இருப்பதால் சொட்டு வெளியே தெறிப்பதில்லை, மணமும் பெரிதாகப் போவதில்லை. டிகாக்‌ஷன் ஆறிவிடும் என்பது அம்மாவின் வாதம். கொஞ்சம் ஆறுகிறதுதான். சூடான பாலில் கலந்த பிறகு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிகிறது.

கேம்பிரிட்ஜில் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ரிடார்ட் ஸ்டாண்ட், வேதியியல் லேபில் ப்யூரெட் மாட்டுவோமே அது. அங்கே ஸ்டாண்ட் கேமராவுக்கு, இங்கே காபிக்கு.

லோட்செல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வாங்கியது 1 கிலோ வரை தாங்கும் கட்டை. ஒரு முனையை அடிப்பலகையில் திருகி, மறுமுனையில் தட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாஷர் கொடுத்துத் தூக்கினால்தான் கட்டை வளைய இடம் கிடைக்கும். பலகையோடு ஒட்ட வைத்துத் திருகினால் எவ்வளவு பாரம் வைத்தாலும் எண் நகராது. கட்டையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி, பாரம் எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்பதைக் காட்டும். அதிலிருந்து வரும் நாலு வயரும் எச்எக்ஸ்711 என்ற சின்னப் பலகைக்குப் போகின்றன. சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொடுப்பதற்கு, வெள்ளையும் பச்சையும் அளவைக் கொண்டுவருவதற்கு. லோட்செல் தரும் மின்னழுத்த மாற்றம் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். எச்எக்ஸ்711 அதைப் பெருக்கி, 24 பிட் எண்ணாக மாற்றி, நொடிக்குப் பத்து முறை, வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகைக்குக் கொடுக்கிறது. காபி சொட்டுவதை எண்ண இதுவே அதிகம்.

அந்த எண்ணைக் கிராமாக மாற்ற எடை தெரிந்த பொருள் ஏதாவது வேண்டும். வீட்டில் படிக்கல் இல்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். பத்து நாணயம் வைத்தால் 77. வங்கியில் வாங்க மாட்டார்களோ, கடையில் வாங்க மாட்டார்களோ என்று வீட்டில் சேர்ந்து கிடந்த நாணயங்களுக்கு ஒரு வழியாக வேலை கிடைத்தது.

முதல் நாள் வரைபடம் விநோதமாக வந்தது. டிகாக்‌ஷன் இறங்கி முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் எடை மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் தொடவில்லை. காரணம் சூடு. கீழ்ப் பாத்திரத்தின் அடியிலிருந்து தட்டு வழியாக லோட்செல்லுக்கு வெப்பம் இறங்குகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பித் தகடுகள் சூட்டுக்கும் அசையும், பாரத்துக்கும் அசையும், இரண்டையும் பிரித்துச் சொல்ல அவற்றுக்குத் தெரியாது. தட்டுக்கு மேல் தடிமனான கார்க் வட்டம் ஒன்றை ஒட்டியதும் நகர்வு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சூடான பாத்திரம் வைக்க மேசையில் போடுகிற அதே கார்க்தான்.

இன்னொன்று மின்வெட்டு. தராசுக்கு எழுதிய நிரல்கள் பெரும்பாலும் மின்சாரம் வந்ததும் அப்போது மேலே இருப்பதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். கடைத் தராசுக்கு அது சரி. எங்கள் வீட்டிலோ பாதி டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும்போது கரண்ட் போகும், திரும்ப வரும். வந்ததும் பாதி டிகாக்‌ஷன் பூஜ்யமாகிவிடும். அதனால் காலித் தட்டின் அளவையும் காலிப் பாத்திரத்தின் அளவையும் சில்லின் அழியா நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டேன். தானாகப் பூஜ்யமாக்கும் வேலையே கிடையாது. இதைச் செய்யப் போகிறவர்கள் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

எடை ஒழுங்காக வரத் தொடங்கியதும் வரைபடத்தைப் பார்ப்பதிலேயே காலை நேரம் போனது. பொடி 30 கிராம், வென்னீர் 150 மில்லி. கீழே வந்து சேர்வது 90 கிராமை ஒட்டி. மீதியைப் பொடி குடித்துவிடுகிறது, தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பொடி பிடித்துவைத்துக்கொள்ளும். ஊற்றியவுடன் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மேலே நிற்கும் தண்ணீர் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது, நைசான பொடி அடியில் போய்த் துளைகளை அடைக்கிறது, கோடு படுத்துக்கொள்கிறது. கடைசி சில கிராம்கள் வருவதற்குள் பால் காய்ந்து ஏடு கட்டிவிடும். ‘இறங்கிவிட்டது’ என்பதற்கு நான் வைத்த விதி, இரண்டு நிமிடத்தில் ஒரு கிராமுக்குக் குறைவாக ஏறினால் முடிந்தது. அம்மா மூடியைத் திறந்து, பொடியை அழுத்தும் குடையின் காம்பு வரை ஈரம் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

வரைபடத்தில் சில நாள் நடுவில் கூரான முள் ஒன்று தெரியும். பிறகு சட்டென்று கோடு வேகமாக ஏறும். மாடியிலிருந்து பார்த்தால் புரியாது, கீழே போய் நின்றால் புரியும். இறங்காமல் நின்றால் அம்மா கரண்டிக் காம்பால் ஃபில்டரின் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். அடைத்திருந்த பொடி அசைந்து வழிவிடும். வளையம் வழியாக அந்த அதிர்வு மேடைக்கும் தராசுக்கும் போகிறது, அதுதான் முள். முள்கள் தினமும் வரத் தொடங்கி, கோடும் நாளுக்கு நாள் சோம்பலானபோது துளைகள் அடைத்துவிட்டன என்று தெரிந்தது. மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பாதித் துளைகள் இருட்டு. இதற்கு எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம்தான். அடிப்பகுதியைக் கேஸ் அடுப்புச் சுடரில் காட்டி, அடைத்திருப்பதைக் கருக்கி, ஆறவிட்டுத் தட்டிக் கழுவுவது. மறுநாள் கோடு பழையபடி நிமிர்ந்தது. ஃபில்டருக்குச் சுடர் காட்டுவதன் பலனை வரைபடமாகப் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதுவரை செய்தது அளவுகோல். இதை இணையத்தோடு பேசவைக்க எந்த முறையைப் பிடிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. காபிப் பாத்திரங்களைக் கட்டுப்படுத்தவென்றே ஒரு நெறிமுறை, அதாவது கருவிகள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு, 1998 ஏப்ரல் 1 அன்று வெளியாகியிருக்கிறது. பெயர் எச்டிசிபிசிபி, ஆவண எண் ஆர்எஃப்சி 2324, எழுதியவர் லாரி மாசின்டர். தேதியைப் பார்த்தாலே விஷயம் தெரியும். இணையத்தின் தரங்களை எழுதுகிறவர்கள் முட்டாள்கள் தினத்துக்கு இப்படி ஏதாவது எழுதுவது வழக்கம். வெப்பின் எச்டிடிபி நெறிமுறையை ஆளாளுக்கு எதற்கெல்லாமோ இழுத்து நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கிண்டல் செய்ய எழுதியது. ஆனால் கிண்டலை எழுதியவர் தொழில் தெரிந்தவர், அதனால் அதை அப்படியே எடுத்து வேலை செய்யவைக்கலாம்.

சாதாரண வெப்பில் கெட், போஸ்ட் என்று கட்டளைகள் இருப்பதுபோல் இதில் பிரூ என்று ஒன்று உண்டு (காபித்தூள் பாக்கெட் அல்ல), காபி போடு என்று அர்த்தம். வென் என்று இன்னொன்று. டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டே இருக்கும்போது போதும் என்று சொல்வதற்கான கட்டளை அது! காபியில் என்னென்ன சேர்க்கலாம் என்ற பட்டியலில் பால் வகைகள் ஆறு, சிரப் வகைகள் நாலு, விஸ்கி, ரம் உட்பட மது வகைகள் நாலு இருக்கின்றன. சிக்கரி இல்லை. கஃபீன் நீக்கிய காபிக்கு வழி எதுவும் தரவில்லை, தந்துதான் என்ன பயன் என்று ஆவணமே கேட்கிறது.

இஎஸ்பி32-க்கான ஆயத்த வெப் சர்வர் நூலகத்தை நம்பி பிரூவை அனுப்ப முடியாது, அது வழக்கமான கட்டளைகளுக்காக எழுதியது. வரும் இணைப்பை நேரடியாக எடுத்து, முதல் வரியின் முதல் சொல்லைப் படித்து, அதன்படி பதில் சொல்லும் சின்ன நிரலை நானே எழுதிக்கொண்டேன். பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்தும் பிரூ போகாது. ஆனால் கருவி காட்டும் வெப் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் வழியாக அனுப்பினால் பிரவுசர் மறுப்பதில்லை. டெர்மினல் பிடிக்கும் என்றால் கர்ல் என்ற கட்டளை போதும்.

என் கருவியால் வென்னீர் ஊற்ற முடியாது. அதனால் பிரூ வந்தால் சமையலறையில் ஒரு பஸ்ஸர் ஒருமுறை ஒலிக்கும், மாடியில் காபி கேட்கிறார்கள் என்று பொருள். ரம் சேர்த்துக் கேட்டால் 406 என்ற எண் பதிலாக வரும், ஏற்க இயலாது என்று பொருள். இதுவும் ஆவணத்தில் சொன்னபடிதான். அப்புறம் ஆவணத்தில் ‘கேட்பவர் விழித்திருந்தால்’ என்றொரு நிபந்தனை வருகிறது. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அம்மா படுத்திருப்பார். அந்த நேரத்தில் பிரூ வந்தாலும் பஸ்ஸர் அடிக்காது. கிண்டலுக்கு எழுதிய வரி ஒன்று வீட்டில் இவ்வளவு உபயோகப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த நெறிமுறையில் உலகத்துக்கே தெரிந்தது 418. டீப்பாத்திரத்திடம் போய் காபி போடச் சொன்னால் அது தர வேண்டிய பதில், ‘நான் ஒரு டீப்பாத்திரம்’. பக்கம் இல்லை என்பதற்கு 404 வருகிறதே, அதே குடும்பம். பதிலின் உடல் ‘குட்டையாகவும் குண்டாகவும்’ இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் இதைத் தங்கள் கருவிகளில் விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2017-இல், எச்டிடிபி தரங்களைக் கவனிக்கும் மார்க் நாட்டிங்ஹாம் இது உண்மையான தரத்தில் இல்லாத எண், எடுத்துவிடுங்கள் என்று சில திட்டங்களைக் கேட்டுக்கொண்டார். உடனே காப்பாற்றுவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடைசியில் 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110, 418-ஐப் ‘பயன்படுத்தப்படாதது’ என்று போட்டு, வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டது. காலி செய்யச் சொன்ன வீட்டை அவர்கள் பெயரிலேயே எழுதிக்கொடுத்த மாதிரி.

எங்கள் வீட்டில் 418-க்கு உண்மையான வேலை இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் வந்தால் டீதான். வடிகட்டிய டீயை மூடி வைக்கிற பித்தளைக் கெட்டில், மேடையில் வேறு இடம் இல்லாததால், நேராக என் தராசில் வந்து உட்காரும். ஃபில்டரின் கீழ்ப் பாத்திரத்தைவிட அது பல மடங்கு கனம். எடை ஒரே தாவலில் அந்த அளவுக்குப் போனால் அது டிகாக்‌ஷனாக இருக்க முடியாது. அப்போது பிரூ அனுப்பினால் 418 வரும். கெட்டிலும் குட்டை, குண்டு, ஆவணம் சொன்ன இலக்கணத்துக்கு அச்சு அசல்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2014 ஏப்ரல் 1 அன்று டீக்கும் சேர்த்து ஆர்எஃப்சி 7168 வந்தது. காபி தற்காலிகமாக இல்லை என்றால் 503, நிரந்தரமாகவே டீப்பாத்திரம் என்றால் 418 என்று அது பிரித்துச் சொல்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அக்கா வீட்டுக்காரர் கிளம்பியதும் கெட்டில் அலமாரிக்குப் போய்விடும், ஆகவே 503-தான் முறை. ஆனால் 418 அனுப்பக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு யாராவது 503 அனுப்புவார்களா? மாமா தன் போனிலிருந்து ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்து, “என்ன மாப்ளே, உங்க வீட்டு அடுப்பு என்னை வையுது” என்றார்.

அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. “எட்டிப் பார்த்தாத் தெரியப் போகுது, இதுக்கு ஒரு வயரு, ஒரு டப்பா.” பஸ்ஸரை மட்டும் ஏற்றுக்கொண்டார். அதிலும் ஒரு திருத்தம் கேட்டார், இறங்கி முடிந்ததும் அது தனக்கும் சொல்ல வேண்டும் என்று. பூஜை அறையில் இருக்கும்போது எட்டிப் பார்க்க முடியாதாம். ஆகவே இப்போது முடிந்ததும் இரண்டு முறை ஒலிக்கிறது. நெறிமுறையில் இதற்கு இடமில்லை, எழுதியவர்கள் கேட்கும் ஆளைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள், போடும் ஆளைப் பற்றி யோசிக்கவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். பித்தளை ஃபில்டர் என்றால் 1 கிலோ கட்டை வேண்டாம், 2 அல்லது 5 கிலோ எடுங்கள், கும்பகோணம் ஃபில்டரெல்லாம் காலியாகவே நல்ல கனம். மேல் பாத்திரத்தில் மேடு இல்லாத, நேராக உள்ளே சொருகும் வகை ஃபில்டர்களும் இருக்கின்றன, அவற்றுக்கு வளையம் உதவாது, மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்கவிடும்படி ஸ்டாண்ட் உயரமாக வேண்டும். எச்எக்ஸ்711-ஐ அடுப்பிலிருந்து தள்ளி, பழைய சோப்பு டப்பா மாதிரி ஏதாவது மூடியுள்ளதில் வையுங்கள், ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அளவு தாறுமாறாகும். வைஃபை அனுப்பும் நொடிகளில் இஎஸ்பி32 திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும், டிராயரில் கிடக்கும் பழைய போன் சார்ஜர் தாங்காமல் பலகை தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். 2 ஆம்பியர் சார்ஜராகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.